அட்டை

காலை எட்டு மணி. பள்ளி வேன்
ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது.
எங்களுக்கில்லை.
கட்டபெட்டுச் சரிவில் மூன்றாவது நாளாக மழை.
ஃபேக்டரியில் இரவு ஷிப்ட் முடித்து
சட்டையெல்லாம் தேயிலைத் தூள் மணக்க வந்த சாமுவேல்
கம்பளிக்குள் போயாயிற்று.
ஆகவே எங்கள் பள்ளிக்கூடத்தின் ஒரே விதி:
சத்தமில்லாமல் சிரிக்க வேண்டும்.

கணக்கை விடக் கஷ்டமான பாடம் அது.
அதுவும் மனு தின்னும் ஆட்டின் கதையில்.
தாலுகா ஆபீசுக்கு வரும் மனுவையெல்லாம்
ஒரு ஆடு தின்றுவிடுகிறது.
ஆட்டின் மேல் மனு கொடுக்கிறார்கள்.
அதையும்.
நகல் எங்கே என்கிறார் தாசில்தார்.
ஆடு ஏப்பம் விடுகிறது.

தபி தலையணையைக் கடிக்கிறாள்.
எபி மேசைக்கடியில் உருண்டு
வாயில் தன் குல்லாவையே திணித்துக்கொள்கிறான்.
ஆசிரியைக்கு
டீ மூக்கில் ஏறிவிட்டது.

கேரட் கொடுக்க வந்த மாதி அக்கா
குடையை மடக்காமலே கேட்டார்:
"இதுக ரெண்டும் படிக்கிறதே இல்லியா?"
"படியிலதான் உக்காந்து படிக்கிறேன்" என்றாள் தபி.
"நீங்க எத்தனை படி படிச்சீங்க?"
"நானெங்க படிச்சேன், ராகி அளக்குற படிதான் தெரியும்"
என்று சொல்லி முடிப்பதற்குள்
அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.
நான் கம்பளியைக் காட்டினேன்.
முந்தானையால் வாயை மூடிக்கொண்டு
மழையில் குலுங்கிக் குலுங்கிப் போனார்.
அன்றைய தமிழ் வகுப்பு அதோடு முடிந்தது.

மதியம், ஃபிரிட்ஜ் வந்த அட்டையில்
நூறு கட்டம்.
ஏணிக்குப் பதில் பஸ்.
பாம்புக்குப் பதில் அட்டை.
அட்டையில் அட்டை வரைந்த பெருமையில்
எபி அரை மணி நேரம் யாரையும் ஆடவிடவில்லை.
தொண்ணூற்றெட்டில் கொழுத்ததாக ஒன்று:
காலைக் கொடுத்தால்
மேட்டுப்பாளையத்தில்தான் விடும்.
உப்புப் பொட்டலம் வைத்திருந்தால் தப்பலாம்.
பொட்டலத்தின் விலை ஏழாம் வாய்ப்பாடு.
ஏழெட்டு ஐம்பத்தாறைத் தாண்டும்போது மட்டும்
அவனுக்கு எப்போதும் இருமல் வரும்.

தாயக்கட்டை சோபாவுக்குள் போய் ஒரு மாதமாகிறது.
மாதி அக்காவின் கேரட்டைச் சதுரமாக வெட்டி
மிளகை அழுத்திப் புள்ளி வைத்தேன்.
ஆறு விழுந்தது தபிக்கு.
யாரும் பார்க்குமுன்
எபி தின்றுவிட்டான்.
காரம் காரம் என்று குதித்தான்,
சத்தமில்லாமல்.

ஆட்டின் இரண்டாம் பாகம்
ஒலிப்புத்தகமாகத்தான் கிடைத்தது.
வாசிப்பவருக்கு ஜலதோஷம்.
ஆடு கனைக்க வேண்டிய இடத்திலெல்லாம் தும்முகிறார்.
சாயங்காலம் எங்கோ மரம் விழுந்து கரண்ட் போனது.
போனில் நான்கு சதவீதம்.
ஆட்டுக்கு இப்போது சீல் குத்தும் உத்தியோகம்.
மூன்று சதவீதம்.
கலெக்டர் ஜீப்பிலிருந்து இறங்குகிறார்.
இரண்டு.
ஆடு அவரை மேலும் கீழும் பார்த்து
வாயைத் திறக்கிறது.

இருட்டு.
தகரத்தில் மழை.
குழந்தைகள் மூச்சுக்கூட விடவில்லை.

அப்போது கம்பளிக்குள்ளிருந்து
ஆழ்ந்து, கொஞ்சம் கரகரப்பாக
ஒரு
"மே..."

தபி வீறிட்டாள்.
விதி, பள்ளிக்கூடம் எல்லாம் உடைந்து
மூன்று பேரும் அவர் மேல் விழுந்தோம்.
"எப்ப முழிச்சீங்க?"
"ஆட்டு மேல மனு கொடுத்தப்பவே."
அப்படியென்றால் காலை எட்டே காலிலிருந்து.
அப்படியென்றால் கேரட்டும், இருமலும், எல்லாமும்.

கல்யாணமான பதினோரு வருடத்தில்
அவர் ஒரு புத்தகம் முடித்து நான் பார்த்ததில்லை.
சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே
மீதிக் கதையை அவரே விடுகிறார்:
கலெக்டரின் தொப்பியைத் தின்ற ஆடு
கோத்தகிரி பஸ்ஸில் ஏறுகிறது.
டிக்கெட்டையும் தின்கிறது.
செக்கிங் வருகிறது.
கண்டக்டர்...

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.
ரெயின்கோட்டும் டார்ச்சுமாக
வளைவில் மறைகிறார்.

தூங்குவதற்கு முன் கதையை முடித்துத் தருமாறு
மெழுகுவத்தி வெளிச்சத்தில்
அப்பாவுக்கு மனு எழுதுகிறாள் தபி.
'மேற்படி ஆடு' என்று ஆரம்பிக்கிறாள்.
எபி அதன் ஓரத்தை
முகர்ந்து பார்க்கிறான்.